கன்று நடுவதற்கு முன்னால் கதவைத் தட்டுங்கள்

தெருவில் மரம் வளர்க்கவேண்டும் என்று என்னிடம் வருகிறவர்கள் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, குழி எங்கே தோண்டலாம் என்பதுதான். நான் சொல்வது, முதலில் ஒவ்வொரு வீட்டுக் கதவையும் தட்டுங்கள். குடியிருப்போரைக் கூட்டி இந்த வேலையைப் பல ஆண்டுகளாகச் செய்துவருகிறேன். கன்று நடுவது இதிலேயே சுலபமான பகுதி. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் முடிந்துவிடும், படமும் எடுத்துக்கொள்ளலாம். அடுத்த கோடையில் அதற்குத் தண்ணீர் ஊற்ற யார் வருவார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

கேட்காமல் திட்டம் போட்டால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரம் ஒரு நல்ல உதாரணம். அங்கே 2011 முதல் 2014 வரை வீட்டு வாசலில் இலவசமாக மரம் நட்டுத் தருவதாகச் சொன்னார்கள். தகுதியிருந்த சுமார் 7,400 பேரில் 1,800-க்கும் மேற்பட்டவர்கள் ‘வேண்டாம்’ என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். கிறிஸ்டின் கார்மைக்கேல் என்ற ஆய்வாளர் அவர்களிடம் போய்ப் பேசினார். மரத்தின் மேல் யாருக்கும் வெறுப்பு இல்லை. எந்த மரம், எங்கே, நாளைக்கு யார் பராமரிப்பது என்று எதையுமே தங்களிடம் கேட்கவில்லை என்பதுதான் அவர்கள் குறை. ஏற்கெனவே இருந்த பெரிய மரங்களை நகர நிர்வாகம் கவனிக்காமல் விட்டதையும் அவர்கள் பார்த்திருந்தார்கள்.

ஆகவே கதவைத் தட்டும்போது “மரம் வேண்டுமா?” என்று கேட்காதீர்கள். எல்லோரும் மரியாதைக்கு ‘ஆமாம்’ சொல்வார்கள், அதோடு சரி. “மரத்தால் உங்களுக்கு என்ன தொல்லை?” என்று கேளுங்கள். பேச்சு தானாக வரும். வேர் சாக்கடைக் குழாயில் நுழையும், கிளை தெருவிளக்கை மறைக்கும், வண்டி நிறுத்த இடம் போய்விடும், கொசு வரும், பூச்சி வரும். ஒவ்வொன்றையும் வீட்டு எண்ணோடு குறித்துக்கொள்ளுங்கள். இதில் பாதிக்கு இடத்தை மாற்றினாலோ மரத்தை மாற்றினாலோ தீர்வு உண்டு. ஒரு வயதான அம்மா என்னிடம் கேட்டதை மறக்கமுடியாது: “நிழல் உங்களுக்கு, குப்பை எனக்கா தம்பி?” நியாயமான கேள்வி. வாசலைக் கூட்டுவது அவர்தானே! தெருமுனையில் கம்பிவலையை வளைத்து ஒரு சருகுத் தொட்டி செய்தோம். சருகு மூன்று பங்குக்குச் சமையலறைக் கழிவு ஒரு பங்கு, அவ்வப்போது கொஞ்சம் தண்ணீர், இடையிடையே ஒரு கிளறல். அந்தத் தெருவில் இன்று உரத்துக்குக் கணக்குப் பார்ப்பவர் அந்த அம்மாதான். யாராவது ஒரு கூடை அதிகமாக அள்ளினால் வீடு தேடிப் போய்க் கேட்பார்.

அடுத்து, இருக்கும் மரங்களை எண்ணுங்கள். நோட்டும் அளவுநாடாவும் போதும். மரத்தின் பெயர், தரையிலிருந்து சுமார் 1.3 மீட்டர் உயரத்தில் தண்டின் சுற்றளவு, பொந்து உண்டா, கூடு உண்டா, அடியில் சிமெண்ட் பூசியிருக்கிறதா, ஆணி அடித்திருக்கிறதா. நியூயார்க்கில் 2015-ல் இப்படித்தான் 2,200-க்கும் மேற்பட்ட தன்னார்வலர்கள் நகர ஊழியர்களோடு சேர்ந்து தெருமரங்களை எண்ணினார்கள், கணக்கு 6.66 லட்சத்தில் போய் நின்றது. எண்ணுவதில் ஒரு லாபம் உண்டு. தினமும் கடந்துபோன மரத்தைச் சுற்றி நாடா பிடித்தவர், அப்புறம் அதை யாராவது வெட்ட வந்தால் சும்மா இருக்கமாட்டார்.

கணக்கு கையில் இருந்தால் தேர்வும் எளிது. ஃபிராங்க் சாண்டமோர் என்ற தாவரவியலாளர் 1990-ல் சொன்ன விதி இன்றும் உதவும்: மொத்த மரங்களில் ஒரே இனம் 10 சதவீதத்தையும், ஒரே பேரினம் (நெருங்கிய இனங்களின் தொகுதி) 20-ஐயும், ஒரே குடும்பம் (பேரினங்களின் தொகுதி) 30-ஐயும் தாண்டக்கூடாது. ஒரே மரமாக நட்டுவைத்த தெருவில் ஒரு நோய் புகுந்தால் தெருவே மொட்டையாகிவிடும். உங்கள் மண்ணுக்குரிய மரங்களில் ஐந்தாறைப் பட்டியல் போட்டு, எது என்பதைத் தெருக்காரர்களிடம் விடுங்கள். மின்கம்பிக்குக் கீழே குட்டை மரம்தான், அதில் வாக்கெடுப்பு கிடையாது. தெருவும் நடைபாதையும் பொது இடம் என்பதால் உள்ளாட்சி அனுமதியை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

நடும்போது கவனிக்கவேண்டியது கொஞ்சம்தான். தண்டு அகன்று வேராகும் இடம் மண்ணுக்கு மேலே தெரியவேண்டும், ஆழமாகப் புதைக்காதீர்கள். மண்மேல் சருகு பரப்பும் மூடாக்கு 5 முதல் 10 செ.மீ. கனத்தில் இருக்கட்டும், தண்டைத் தொடவேண்டாம். முட்டுக்கம்பில் இறுக்கிக் கட்டாமல் கொஞ்சம் ஆடவிடுங்கள். காற்றில் ஆடினால்தான் தண்டு தடிக்கும்.

பராமரிப்புக்கு ஒரு கன்றுக்கு ஒரு வீடு, அவர்கள் ஊருக்குப் போனால் பார்த்துக்கொள்ள இன்னொரு வீடு. ‘எல்லோரும் பார்த்துக்கொள்வோம்’ என்று கூட்டத்தில் முடிவானால், யாரும் பார்க்கப்போவதில்லை என்று எழுதிவைத்துக்கொள்ளலாம். முதல் இரண்டு மூன்று ஆண்டுகள் வேர் ஆழம் போகும்வரை தண்ணீர் ஊற்றத்தான் வேண்டும். தினமும் ஒரு குவளை ஊற்றுவதைவிட வாரம் ஓரிரு முறை நன்றாக ஊறவிடுவது மேல். ஒவ்வொரு மரத்துக்கும் எண் கொடுங்கள். மெல்போர்ன் நகரம் பழுது தெரிவிப்பதற்காக மரங்களுக்கு எண்ணும் மின்னஞ்சல் முகவரியும் கொடுத்தது. மக்கள் பழுதைச் சொன்னதோடு நிற்காமல் மரத்துக்கே கடிதம் எழுத ஆரம்பித்துவிட்டார்கள்!

மரம் மட்டும் போதும் என்று பலர் நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை, பூச்சிக்கும் பறவைக்கும் தெருவில் இடம் வேண்டும். குழந்தைகளை ஒரு எலுமிச்சைச் செடியருகே உட்காரவையுங்கள். இலைமேல் பறவை எச்சம்போல ஒன்று ஒட்டியிருக்கும். உற்றுப் பார்த்தால் அது எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் இளம்புழு. வளர்ந்ததும் இலைநிறத்துக்கு மாறிவிடும். லேசாகத் தொட்டால் தலைக்குப் பின்னால் கவைபோல இரண்டு கொம்பை நீட்டி ஒரு நாற்றத்தை விடும். இதைப் பார்த்த பிள்ளைகள் இருக்கும் வீட்டில் அந்தச் செடிக்கு மருந்தடிக்க முடியாது. பெரியவர்களுக்கு நூறு துண்டறிக்கை கொடுத்தாலும் இது நடக்காது.

தெருவின் ஏதாவதொரு மூலையைக் கூட்டிப் பெருக்காமல் விடச் சம்மதம் வாங்குங்கள். தேனீ இனங்களில் ஏறக்குறைய 70 சதவீதம் மண்ணுக்குள் கூடு கட்டுபவை. எங்கும் கல்லும் சிமெண்டுமாக இருந்தால் அவை எங்கே போகும்? ‘பராமரிப்பில்லாத இடம்’ என்று புகார் வரும் என்பதால் ஓரத்தில் கல் அடுக்கி, ஒரு பலகையும் வையுங்கள். பறவைகளுக்கு வைக்கும் தண்ணீரை இரண்டு நாளுக்கு ஒருமுறை மாற்றினால் கொசுப் புகார் எழாது. இரவுப் பூச்சிகளுக்காகத் தேவையில்லாத வெளிவிளக்கை அணைப்பதற்குச் செலவே இல்லை. பறவைகளுக்காக வளர்ப்புப் பூனையை வீட்டுக்குள் வைப்பது மட்டும் சண்டையில் முடியலாம், பக்குவமாகப் பேசுங்கள்.

உயிரினங்களைப் படமெடுத்துப் பதிவிட உதவும் ஐநேச்சுரலிஸ்ட் செயலியைக் கைபேசியில் வைத்துக்கொண்டு காலையில் ஒரு மணிநேரம் நடந்தால் தெருவின் உயிரினப் பட்டியல் வளர ஆரம்பிக்கும். லாஸ் ஏஞ்சலஸும் சான் ஃபிரான்சிஸ்கோவும் 2016-ல் போட்டியாகத் தொடங்கிய, நகரத்து உயிரினங்களைப் பதிவுசெய்யும் ‘சிட்டி நேச்சர் சேலஞ்ச்’ இப்போது பல நாடுகளில் ஆண்டுதோறும் நடக்கிறது. உங்கள் நகரமும் இருந்தால் சேர்ந்துகொள்ளுங்கள்.

இந்தப் பட்டியலும் மரக்கணக்கும் கிளை வெட்ட ஆள் வரும் நாளில்தான் உண்மையில் கைகொடுக்கும். மரத்தின் எண், கூடு இருக்கும் படம், எந்த மாதத்தில் குஞ்சு பொரிக்கிறது என்ற குறிப்பு மூன்றையும் அதிகாரியிடம் காட்டி, குஞ்சுகள் பறக்கும்வரை தள்ளிப்போடச் சொல்லுங்கள். காய்ந்த கிளையால் ஆபத்து என்றால் அந்த ஒரு கிளையை மட்டும், தண்டோடு சேரும் வளையத்தைக் காயப்படுத்தாமல் வெட்டச் சொல்லிப் பக்கத்திலேயே நில்லுங்கள்.