இரண்டாம் வகை நீரிழிவைத் தணிவுநிலைக்குக் கொண்டுவரும் வழி

மருந்துகளை நிறுத்தி மூன்று மாதங்களுக்குப் பின்னும், கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரி இரத்தச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி அளவு 6.5 விழுக்காட்டுக்குக் கீழே நின்றால், மருத்துவர்கள் அதைத் தணிவுநிலை என்கிறார்கள். நோய் அறவே நீங்கிவிட்டதாக அதற்குப் பொருளில்லை.

பிரிட்டனில் நடந்து 2017-இல் முடிவுகள் வெளியான டைரக்ட் ஆய்வில், நோய் கண்டறியப்பட்டு ஆறு ஆண்டுகளுக்கு மேற்படாத, இன்சுலின் போடாத நோயாளிகள் சில மாதங்கள் நாளுக்கு ஏறத்தாழ 850 கலோரி உணவில் இருந்தனர். அவர்களில் 46 விழுக்காட்டினர் ஓராண்டில் தணிவுநிலையை எட்டினர். 15 கிலோவோ அதற்கு மேலோ எடை குறைந்தவர்களில் அது 86 விழுக்காடாக இருந்தது. ஆகவே, கல்லீரலிலும் கணையத்திலும் படிந்த கொழுப்பு கரையும் அளவுக்கு எடையைக் குறைப்பதே முதல் வேலை. பாகற்காய்ச் சாறு அதற்கு ஈடாகாது.

இத்தகைய உணவுமுறையை மருத்துவரிடம் சொல்லாமல் தொடங்கக் கூடாது. கிளிமிபிரைடு போன்ற மாத்திரைகளையோ இன்சுலினையோ பழைய அளவிலேயே எடுத்துக்கொண்டு உணவை மட்டும் குறைத்தால், சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்துவிடக்கூடும்.

தணிவுநிலை கிட்டிய பின்னும் ஆண்டுக்கு ஒருமுறையேனும் எச்பிஏ1சி பரிசோதனையையும், விழித்திரை, சிறுநீரகம், பாதம் ஆகியவற்றின் சோதனைகளையும் செய்துகொள்ள வேண்டும்.