ஸ்கூல் திறக்கறதுக்கு முன்னாடி வீட்டுச் செலவைக் குறைக்க நீங்க பண்ண வேண்டியது

ஸ்கூல் திறக்குற சமயத்துல அம்மா அப்பா எல்லாத்தையும் புதுசா வாங்கிட்டு வர்றாங்கன்னா, போன வருஷத்துல எது மிச்சம் இருக்கு எது உடைஞ்சு போச்சுன்னு அவங்களுக்குத் தெரியாது, அது உங்களுக்குத்தான் தெரியும். அதனால லிஸ்ட் போடுற வேலையை நீங்க எடுத்துக்கோங்க.

முதல்ல பழைய பையை அப்படியே தரையில கொட்டுங்க. பேனா ஒவ்வொண்ணையும் கிறுக்கிப் பாருங்க, சிலதுக்கு ரீஃபில் மட்டும் மாத்தினா போதும். ஜாமெட்ரி பாக்ஸ்ல காம்பஸ் லூசா இருந்தா ஸ்க்ரூவை டைட் பண்ணிப் பாருங்க, ஒரு ஸ்கேல் காணோம்னு முழு பாக்ஸையும் வாங்காதீங்க. பாதி எழுதின நோட்டுல எழுதாத பக்கத்தை எல்லாம் பிரிச்சு ஒண்ணா சேர்த்துத் தைச்சா ரஃப் நோட்டு ரெடி, நாலஞ்சு நோட்டு இருந்தாலே நல்ல கனமா ஒண்ணு வந்துடும், கணக்குப் போட்டுப் பார்க்க இது தாராளமா போதும்.

பை விஷயத்துலதான் நிறைய பேர் அவசரப்படுறாங்க. ஜிப் ஓடலைன்னா பென்சில் முனையை ஜிப்போட பல்லு மேல நல்லா தேய்ச்சுட்டு மெதுவா இழுத்துப் பாருங்க, வழுக்கிட்டு வரும். மூடினதுக்கு அப்புறமும் வாயைப் பிளந்துட்டு நிக்குதுன்னா பெரும்பாலும் ரன்னர், அதாவது நீங்க பிடிச்சு இழுக்குற பகுதி, தேஞ்சிருக்கும், அதை மட்டும் மாத்திக்கலாம். பேன்ட் குட்டையாப் போச்சுன்னா கீழே உள்மடிப்புல துணி இருக்கான்னு பாருங்க, பிரிச்சு விட்டா இன்னொரு வருஷம் ஓடும்.

புக்ஸுக்கு சீனியர்ஸ்கிட்ட இப்பவே சொல்லி வைங்க, ஆனா கையில வாங்குறதுக்கு முன்னாடி எந்த வருஷப் பதிப்புன்னு பாருங்க, பாடம் மாறியிருந்தா சும்மா கொடுத்தாலும் பிரயோஜனம் இல்ல.

கடையில விலையை மட்டும் பார்க்காம பக்கத்தை எண்ணுங்க. ஒரே சைஸ்ல ரெண்டு நோட்டு இருந்தா விலையைப் பக்கத்தால வகுத்துப் பாருங்க, அட்டையில படம் போட்டது பல நேரம் அதிகமாத்தான் வரும். பேப்பரோட ஜிஎஸ்எம்மும் பாருங்க, அதாவது ஒரு சதுர மீட்டர் பேப்பர் எத்தனை கிராம்னு சொல்ற நம்பர், அது ரொம்பக் குறைவா இருந்தா இங்க் பேனாவுக்குப் பின்பக்கம் ஊறும், அப்புறம் ஒரு பக்கம்தான் எழுத முடியும், சீப்பா வாங்கியும் நஷ்டம். டஜனா வாங்கினா விலை குறையும்னா ஃப்ரெண்ட்ஸோட சேர்ந்து வாங்கிப் பிரிச்சுக்கோங்க. டீச்சர் கேக்குற ஸ்பெஷல் நோட்டு, ஃபைல் எல்லாம் கிளாஸ் ஆரம்பிச்சு அவங்க சொன்னப்புறம் வாங்கினா போதும்.

உங்களுக்கு ரொம்ப ஆசையா ஒரு பொருள் இருந்தா அதையும் லிஸ்ட்ல எழுதுங்க, மறைக்க வேண்டாம், மத்ததுல மிச்சம் பிடிச்சதைக் காட்டிக் கேட்டா வீட்லயும் யோசிப்பாங்க.

ஷூ மட்டும் சாயங்காலமாப் போய் வாங்குங்க, நாள் முழுக்க நடந்து கால் கொஞ்சம் வீங்கியிருக்கும், அப்பதான் சரியான அளவு தெரியும். சாக்ஸ் போட்டுட்டே ரெண்டு காலுலயும் மாட்டிப் பாருங்க, வீட்டுக்குள்ளயே ரெண்டு நாள் போட்டு நடந்து பார்த்து கடிக்கலைன்னு தெரியுற வரைக்கும் பில்லையும் டப்பாவையும் தூக்கிப் போடாதீங்க.