கலர் கண்ணாடி ஜன்னலைக் கழற்றாமல் காப்பாற்றுவது எப்படி

பழைய வீட்டை ஹோம்ஸ்டேயாகவோ கிளினிக்காகவோ மாற்றப் போகிறீர்கள், அந்த வீட்டில் கலர் கண்ணாடி ஜன்னல் இருக்கிறது என்றால், ஆசாரியும் பெயின்டரும் ஏசி மெக்கானிக்கும் உள்ளே வருவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். டெல்டாவில் எழுபது எண்பது வருஷம் ஐப்பசி மழையையும் கடல் காற்றையும் தாங்கிய கண்ணாடி, வீட்டைப் புதுப்பிக்கிற மூன்று மாதத்தில்தான் உடைகிறது. மயிலாடுதுறையிலிருந்து தரங்கம்பாடி போகிற வழியில் எங்கள் தாத்தா கட்டிய மாடி வீட்டைத் தங்கும் விடுதியாக மாற்றியபோது எனக்கு நடந்ததும் அதுதான். "தம்பி, இதெல்லாம் பேர்ந்துபோச்சு, மொத்தமா எடுத்துட்டு புதுக் கண்ணாடி போட்டுடலாம்" என்றார் வேலைக்கு வந்தவர். நான் யோசிப்பதற்குள் இரண்டு துண்டு போய்விட்டது.

முதலில் உங்களிடம் இருப்பது எந்த ரகம் என்று பாருங்கள். நம் பக்கத்து வீடுகளில் கதவுக்கும் ஜன்னலுக்கும் மேலே அரைவட்டத்தில் இருப்பது பெரும்பாலும் மரச்சட்டத்தில் பொருத்தின சாதாரண கலர் கண்ணாடிதான்; கண்ணாடிக்குள்ளேயே நிறம் இருக்கும், மேலே வரைந்த படம் எதுவும் இருக்காது. பழைய தேவாலயங்களில், அல்லது பாதிரிமார் பள்ளியாகவோ விடுதியாகவோ வைத்திருந்த கட்டடங்களில் பார்ப்பது வேறு. அங்கே துண்டுகளை 'எச்' எழுத்து மாதிரியான ஈயப் பட்டையில் கோத்திருப்பார்கள், முகம், துணி மடிப்பு எல்லாம் ஒரு விதக் கண்ணாடிப் பெயின்டால் வரைந்து சூளையில் சுட்டிருப்பார்கள். மூன்றாவது, கூடத்தில் மாட்டியிருக்கும் தஞ்சாவூர்க் கண்ணாடி ஓவியம். அது பின்பக்கத்திலிருந்து வரைந்தது, சுட்டது கிடையாது, ஈரத்துணி பட்டாலே சாயம் கையோடு வந்துவிடும். இந்த மூன்றாவதை நீங்கள் தொடவே வேண்டாம், தெரிந்தவரிடம் கொடுங்கள்.

ஈயம் என்றதும் ஈயச்சொம்பு ரசம் ஞாபகம் வந்திருந்தால், அது வெள்ளீயம். ஜன்னலில் இருப்பது காரீயம், விஷம். பழைய ஈயப் பட்டையில் வெள்ளைப் பொடி படிந்திருந்தால் விளக்குமாற்றால் தட்டாதீர்கள், ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள், கையுறை போடுங்கள், குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் அந்த அறைக்குள் விடாதீர்கள். வேலையாட்களில் வெற்றிலை போடுகிறவர் இருந்தால் கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் பாக்கைத் தொடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். சிரிப்பார்கள், பரவாயில்லை.

அப்புறம் பதிவு. காலை வெயில் கண்ணாடி வழியாக உள்ளே வரும்போது ஒரு போட்டோ, அதே ஜன்னலை வெளிச்சம் மேலே விழுகிற மாதிரி வெளியிலிருந்து ஒரு போட்டோ. முதலாவதில் நிறமும் விரிசலும் தெரியும், இரண்டாவதில் மரமும் மக்கும் (கண்ணாடியைச் சட்டத்தில் பிடித்து நிறுத்த ஓரத்தில் பூசுகிற பசை) எந்த நிலையில் இருக்கின்றன என்று தெரியும். பிறகு பட்டர் பேப்பரை மேலே வைத்துப் பென்சிலை லேசாகத் தேய்த்தால், சின்ன வயதில் நாணயத்தை நகல் எடுத்தோமே, அதே மாதிரி சட்டத்தின் கோடுகள் அப்படியே வந்துவிடும். ஒவ்வொரு துண்டுக்கும் அந்தத் தாளிலேயே நம்பர் போடுங்கள். உடைந்த துண்டைக் குப்பையில் போடாமல் நம்பர் எழுதி, செய்தித்தாளில் சுற்றி வையுங்கள். பிறகு அதே நிறத்தைத் தேடி அலையும்போது கையில் மாதிரி வேண்டும்.

சுத்தம் செய்வதில்தான் பாதி சேதம் நடக்கிறது. காய்ச்சி வடித்த தண்ணீர், பேட்டரிக்கு ஊற்றுகிற டிஸ்டில்டு வாட்டரே போதும், பஞ்சு, பழைய வேட்டித் துணி, அவ்வளவுதான். ஸ்பிரே கிளீனர், வினிகர், ஆசிட், ஸ்காட்ச்பிரைட் எதுவும் கூடாது. காரணம் இருக்கிறது: சிவப்புக் கண்ணாடியில் பல துண்டுகள் முழுக்கச் சிவப்பாக இருக்காது, வெள்ளைக் கண்ணாடி மேல் மெல்லிய சிவப்புப் படலம்தான் ஒட்டியிருக்கும். ஓரத்தைப் பக்கவாட்டில் பார்த்தால் தெரியும். அதைச் சுரண்டினால் நிறம் போயே போய்விடும். நீலம் அப்படியில்லை, அது பெரும்பாலும் கோபால்ட் கலந்து உருக்கின கண்ணாடி, உள்ளே வரை நீலம். நிறமில்லாத பழைய கண்ணாடி லேசாக ஊதா அடித்தால் அழுக்கு என்று நினைத்துத் தேய்க்காதீர்கள், உருக்கும்போது மாங்கனீசு சேர்த்த கண்ணாடி பல வருஷ வெயிலில் அப்படி மாறும். படம் வரைந்த கண்ணாடியாக இருந்தால் ஒரு மூலையில் பஞ்சு நுனியை நனைத்து வைத்துப் பாருங்கள், பஞ்சில் கறுப்பு வந்தால் நிறுத்திவிடுங்கள்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். கண்ணாடி தானாகக் கெடுவது ரொம்பக் குறைவு, அதைப் பிடித்திருக்கிற மரமும் இரும்பும் மக்கும்தான் கெடுகின்றன. கடற்கரையிலிருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கிற வீடு என்றால் குறுக்குக் கம்பியைப் பாருங்கள். உப்புக் காற்றில் இரும்பு துருப்பிடித்தால் வீங்கும், அந்த வீக்கம் பக்கத்துக் கண்ணாடியை நெரித்து விரிசல் விடவைக்கும். அங்கே 316 ரகத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பி போடுங்கள், 304 உப்புக் காற்றுக்கு அவ்வளவாகத் தாங்காது. மரத்தில் கரையான் இருக்கிறதா என்று ஸ்குரூடிரைவர் நுனியால் குத்திப் பாருங்கள். தேக்குதானே என்று விட்டுவிடாதீர்கள், தேக்குச் சட்டத்துக்குள் கண்ணாடி விழாமல் பிடிக்க நாட்டு மரத்தில் பீடிங், அதாவது மெல்லிய மரப்பட்டை, அடித்திருப்பார்கள், எங்கள் வீட்டில் அரித்தது அந்தப் பீடிங்தான்.

மக்கு கல்லாக இறுகிக் கண்ணாடியோடு ஒட்டியிருந்தால் அதை உளியால் எடுக்கவே கூடாது. எங்கள் இரண்டு துண்டும் போனது அப்படித்தான். ஹீட் கன்னும் வேண்டாம், ஒரே இடத்தில் சூடு ஏறினால் கண்ணாடி பிளக்கும். ஆடுகிற மக்கை மட்டும் எடுங்கள், உறுதியாக இருப்பதை விடுங்கள். புதிதாக வைப்பதற்கு ஆளி விதை எண்ணெயும் வொயிட்டிங் பவுடரும் (நைசான சுண்ணாம்புக்கல் மாவு) சேர்த்துப் பிசைந்த பழைய மக்கே நல்லது, சிலிக்கான் வேண்டாம். சிலிக்கான்தான் வேண்டும் என்று யாராவது பிடிவாதம் பிடித்தால், டியூபைத் திறந்து முகர்ந்து பாருங்கள். வினிகர் வாடை அடித்தால் அந்த ஆவி ஈயத்தை அரிக்கும், அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நியூட்ரல் ரகம் வாங்குங்கள். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். அது தானாகவே சூடாகித் தீப்பிடிக்கும், சித்திரை வெயிலில் கேட்கவே வேண்டாம். விரித்துக் காயவிடுங்கள் அல்லது தண்ணீர் வாளியில் முக்கி வையுங்கள்.

மக்கு இறுக வாரக்கணக்கில் ஆகும். அதனால் வேலையைத் தையில் ஆரம்பித்துப் பங்குனிக்குள் முடித்துக்கொள்ளுங்கள். புரட்டாசியில் ஆரம்பித்தால் மழை வந்து எல்லாவற்றையும் கரைத்துவிடும்.

ஈயப் பட்டை ஜன்னல் வயிறு தள்ளியிருந்தால் பயந்து உள்ளங்கையால் அமுக்கிவிடாதீர்கள். மேலிருந்து கீழாக நூல் பிடித்து அளந்து பாருங்கள். ஒன்றரை அங்குலத்துக்குள் இருந்து, துண்டு எதுவும் ஆடவில்லை, விரிசல் இல்லை என்றால் அப்படியே விடலாம். அதற்கு மேல் போனால் தொழில் தெரிந்தவர்தான் எடுக்க வேண்டும். எடுக்கும்போது பலகையோடு சேர்த்துக் கதவைத் தூக்குகிற மாதிரி நிறுத்தித்தான் தூக்க வேண்டும், தட்டையாகத் தூக்கினால் நடுவில் மடங்கும்.

ஏசி விஷயம். ஜன்னலுக்கு மேலே இருக்கிற கலர் கண்ணாடியில் ஒரு துண்டை எடுத்துவிட்டு ஏசி குழாயைக் கொண்டுபோகலாம் என்று யாராவது சொல்வார்கள். சுவரில் ஓட்டை போடச் சொல்லுங்கள். அடுத்த பிரச்சினை, அறை குளிர்ந்தால் கலர் கண்ணாடியும் குளிரும், நம் ஊர்ப் புழுக்கத்தில் வெளிப்பக்கம் வியர்த்து அந்தத் தண்ணீர் மரத்தில் இறங்கிக்கொண்டே இருக்கும். இதற்கு உள்பக்கமாகச் சாதாரணக் கண்ணாடியில் ஒரு தனிச் சட்டம் போட்டு, இரண்டுக்கும் நடுவில் ஓர் அங்குலத்துக்குக் குறையாமல் இடம் விட்டு, அந்த இடைவெளி மேலும் கீழும் வெளிக்காற்றோடு தொடர்பில் இருக்கும்படி சின்னத் துளைகள் விடுங்கள். பூச்சி வராமல் வலை ஒட்டிவிட்டால், குளவி வந்து மண்கூடு கட்டாது. வியர்ப்பது இனி அந்தச் சாதாரணக் கண்ணாடியாக இருக்கும். பாலிகார்பனேட் ஷீட்டை வெளியே அடித்து மூடிவிடுவது மலிவுதான், ஆனால் காற்றோட்டம் இல்லாமல் உள்ளே சூடும் ஈரமும் தேங்கும், சில வருஷத்தில் ஷீட்டும் பழுத்துவிடும். சன் ஃபிலிமும் ஒட்டாதீர்கள், அடர் நீலம் ஏற்கெனவே வெயிலை உறிஞ்சுகிறது, ஃபிலிமும் சேர்ந்தால் சூட்டில் வெடிக்கும்.

மாற்றுத் துண்டு வேண்டுமென்றால் காரைக்குடிப் பழைய சாமான் கடைகளில் தேடுங்கள். இடித்த வீடுகளின் கண்ணாடி அங்கே வரும், குமிழியும் லேசான அலையும் இருக்கிற கண்ணாடியாகப் பார்த்து எடுக்கலாம். நிறம் நூறு சதவீதம் சேராது. சேராவிட்டால் என்ன, துண்டின் ஓரத்தில், மக்குக்குள் மறையும் இடத்தில், போட்ட வருஷத்தைக் கீறிவிடுங்கள். அடுத்து யாராவது கழற்றிப் பார்க்கும்போது எது தாத்தா காலம், எது நம் காலம் என்று குழம்பக் கூடாது.

புயலுக்கு ஒரு ஏற்பாடு இப்போதே செய்து வையுங்கள். 2018 நவம்பர் 16 அன்று கஜா வேதாரண்யம் பக்கம் கரை ஏறிய இரவில் எங்கள் ஊரில் பலர் கண்ணாடியில் டேப்பைப் பெருக்கல் குறி மாதிரி ஒட்டினார்கள். டேப் கண்ணாடியைக் காப்பாற்றாது, பிய்க்கும்போது வண்ணத்தையும் மக்கையும் சேர்த்துப் பிய்க்கும். ஒவ்வொரு ஜன்னலுக்கும் அளவெடுத்து ப்ளைவுட் வெட்டி, சட்டத்தில் கொக்கி அடித்து, கண்ணாடிக்கும் பலகைக்கும் நடுவில் கையளவு இடைவெளி இருக்கும்படி மாட்டிப் பாருங்கள். பலகைக்கும் ஜன்னலுக்கும் ஒரே நம்பர் எழுதி, பரணில் ஏற்றிவிடாமல், ராத்திரி மின்சாரம் இல்லாமல் தேடினாலும் கைக்கு வருகிற இடத்தில் ஏணியோடு சேர்த்து வையுங்கள்.