ஓய்வுக்காலத் தோட்டத்துக்கு ஆறு பை போதும்

ஓய்வு பெற்ற கையோடு மாடியில் நாற்பது செடி வளர்ப்புப் பைகளை அடுக்கிவிட்டு, அடுத்த சித்திரை வெயிலில் எல்லாவற்றையும் காயவிடுபவர்கள்தான் அதிகம். ஆறு பையில் தொடங்குங்கள். கறிவேப்பிலை, தவசிக்கீரை, பிரண்டை, கற்பூரவல்லி, தூதுவளை ஐந்தும் வருடக்கணக்கில் நிற்கும். ஆறாவதில் மிளகாய். ஆடியில் ஆரம்பிப்பது நல்லது.

காலை வெயில் நாலைந்து மணி நேரம் விழுகிற, குழாய்க்குப் பக்கத்து இடமாகப் பாருங்கள். குனியாமல் வேலை செய்ய இரண்டடி உயர இரும்பு ஸ்டாண்ட் வேண்டும். 12 அங்குலப் பையை அதன்மேல் வைத்தபிறகே மண் நிரப்புங்கள். ஈரமான பை 15 கிலோவுக்குக் குறையாது, இடுப்பு தாங்காது.

மண் கலவையில்தான் பாதிப் பேர் சறுக்குகிறார்கள். செம்மண், தேங்காய் நார்த்தூள், மண்புழு உரம் மூன்றும் சம பங்கு. பைக்கு ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு. 5 கிலோ நார்க்கட்டியில் பாதியே ஆறு பைக்கும் காணும். அதை ஊறவைத்துப் பிழிந்து, தண்ணீர் மாற்றி மூன்று தடவை அலசுங்கள். உப்பு தங்கினால் இலை விளிம்பு கருகும். தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னும் ஊற்றுவோம், வேரும் அழுகும். கலந்த மண்ணை லேசான ஈரத்தில் பத்து நாள் விட்டுவிட்டு நடுங்கள்.

கறிவேப்பிலைக்கும் மிளகாய்க்கும் நாற்று வாங்கிக்கொள்ளலாம். தவசிக்கீரைக்குப் பென்சில் கனத்தில் அரையடிக் குச்சி, இரண்டு கணு மண்ணுக்குள். பிரண்டைத் துண்டை வெட்டுவாய் காய இரண்டு நாள் நிழலில் போட்டுவிட்டு ஊன்றுங்கள். தவசிக்கீரையைச் சமைத்தே சாப்பிடுங்கள்: 1990களில் தைவானில் உடல் எடையைக் குறைக்க அதைப் பச்சைச் சாறாகத் தொடர்ந்து குடித்தவர்கள் பலருக்கு நுரையீரல் கெட்டது.

தண்ணீருக்குக் கடிகாரம் பார்க்காதீர்கள். விரலை இரண்டு கணு ஆழம் விட்டுப் பாருங்கள். மண் ஒட்டினால் இன்று வேண்டாம். மேலே காய்ந்து அடியில் சொதசொதவென்றிருந்தால் பையின் அடித்துளை அடைத்திருக்கிறது, குச்சியால் குத்திவிடுங்கள்.

மிளகாயில் வெள்ளையாக மாவுப்பூச்சி அப்பினால் முதலில் தண்ணீரைப் பீய்ச்சி அடித்துக் கழுவுங்கள். மறுநாள் மாலை, லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைச் சில சொட்டு சோப்புக் கரைசலோடு கலக்கி இலையின் அடிப்பக்கம் தெளியுங்கள். வாரம் ஒருமுறை, மூன்று வாரம். உச்சிவெயிலில் தெளித்தால் இலை வெந்துவிடும்.

கறிவேப்பிலையை இலை இலையாக உருவாதீர்கள். ஓரடி வளர்ந்ததும் நுனியைக் கிள்ளினால் பக்கக் கிளை வெடிக்கும். பறிக்கும்போதும் கிளை நுனியோடு ஒடியுங்கள். பூ விட்டால் கிள்ளி எறியுங்கள்.