அம்மா கொடுத்த காசும் சித்தப்பா விட்டுப்போன காசும்: இங்கிலாந்தில் வீட்டு டெபாசிட்டுக்குக் கணக்குக் காட்டுவது எப்படி

"நான் என்ன திருடியா கொண்டு வந்தேன்? எதுக்குடி அந்த வக்கீல் என் பாஸ்புக்கைக் கேக்குறான்?" என்று அம்மா போனில் சத்தம் போட்டபோது என்னிடம் நல்ல பதில் இல்லை. இப்போது இருக்கிறது. கறுப்புப் பணத்தை வெள்ளையாக்குவதைத் தடுக்க 2017இல் பிரிட்டனில் வந்த விதிகளின்படி, டெபாசிட், அதாவது வீடு வாங்க நம் கையிலிருந்து போடும் முன்பணம், எங்கிருந்து வந்தது என்று பார்ப்பது சொலிசிட்டரின் (வீடு வாங்கும் சட்ட வேலைகளைப் பார்க்கும் வக்கீலின்) சட்டக் கடமை. எல்லோரிடமும் கேட்பார்கள். அதில் கோபப்பட ஒன்றுமில்லை.

நாங்கள் கவென்ட்ரியில் பார்த்த வீடு 2,40,000 பவுண்ட். பத்து சதவீத டெபாசிட் 24,000. அதில் எங்கள் சேமிப்பு 4,000, லெஸ்டரில் இறந்துபோன சித்தப்பா உயிலில் எழுதிவைத்தது 12,000, திருச்சியிலிருந்து அம்மா தருவதாகச் சொன்னது 8,000. மூன்றிலும் எங்களுக்கு வேலை வைத்தது அம்மாவின் பணம்தான்.

முதலில் ஒரு பழைய கவரின் பின்பக்கத்தில் படம் போட்டேன். வலது ஓரத்தில் சொலிசிட்டர், அங்கிருந்து இடது பக்கமாக ஒவ்வொரு தொகையும் எந்தக் கணக்கிலிருந்து வந்தது, அதற்கு முன் எங்கே இருந்தது என்று அம்புக்குறி. ஒவ்வொரு அம்புக்கும் ஒரு காகிதம் வேண்டும். காகிதம் இல்லாத அம்பில்தான் கேள்வி வரும். சித்தப்பா பணம் என் கணக்குக்கு வந்து 14 மாதம் ஆகியிருந்தது. கூடுதல் வட்டிக்காக அதை இரண்டு முறை வேறு சேமிப்புக் கணக்குக்கு மாற்றியிருந்தேன். அந்த இரண்டு கணக்குகளின் ஸ்டேட்மென்ட்டும் சேர்ந்துகொண்டது, ஒன்று மூடிய கணக்கு வேறு. வீடு வாங்கும் எண்ணம் இருந்தால் காசை அங்கும் இங்கும் நகர்த்தாதீர்கள்.

உயில்வழி வந்த பணத்துக்கு எங்களிடம் கேட்டவை: உயிலின் நகல், புரோபேட் ஆணையின் (உயிலை நிறைவேற்ற அதிகாரம் தரும் ஆணையின்) நகல், யாருக்கு எவ்வளவு போனது என்று காட்டும் சொத்துக் கணக்கு, பணம் என் கணக்கில் விழுந்த மாதத்தின் ஸ்டேட்மென்ட். உயிலை நிறைவேற்றியவர் சித்திதான் என்பதால் எல்லாம் ஒரே ஃபைலில் கிடைத்தது. உயில் எழுதாமல் இறந்திருந்தால் புரோபேட்டுக்குப் பதிலாக நிர்வாக உரிமை ஆணை கேட்பார்கள்.

அன்பளிப்புக்கு இரண்டு பக்கம் உண்டு. கடன் தரும் வங்கிக்கு ஒரு கடிதம் வேண்டும்: கொடுப்பவர் பெயர், உறவு, தொகை, இது கடன் இல்லை, திருப்பிக் கேட்கமாட்டேன், வீட்டில் எனக்குப் பங்கு இல்லை, கையெழுத்து, தேதி. பல வங்கிகளுக்குத் தனி வாசகமே உண்டு. அதை வாங்கிவந்து நிரப்புங்கள். "அப்புறமா மெதுவா கொடுத்துடு" என்று வீட்டுக்குள் பேச்சு இருந்தால் அது கடன்தான். அதை மறைத்துக் கையெழுத்து வாங்குவது மோசடி. சில வங்கிகள் வெளிநாட்டில் இருப்பவர் தரும் அன்பளிப்பை ஏற்பதில்லை, ஆகவே விண்ணப்பிக்கும் முன்பே வீட்டுக்கடன் புரோக்கரிடம் கேட்டுவிடுங்கள்.

சொலிசிட்டருக்கோ கொடுப்பவரையே தெரிய வேண்டும். அம்மாவின் பாஸ்போர்ட்டை நோட்டரி சான்றளித்த நகல், முகவரிச் சான்று, ஆறு மாத ஸ்டேட்மென்ட், அந்தப் பணம் அவருக்கு எப்படி வந்தது என்பதற்கு ஆதாரம். போன் திரையைப் படமெடுத்து அனுப்பினேன், திரும்பி வந்தது. பெயரும் கணக்கு எண்ணும் தெரிகிற மாதிரி வங்கி தரும் பிடிஎஃப் வேண்டுமாம்.

சரி, அனுப்பினோம். மூன்றாம் பக்கத்தில் ஒரு வரியை மஞ்சள் கோடிட்டுத் திருப்பி அனுப்பினார்கள்: ரொக்கம், 2,00,000 ரூபாய். அது அம்மா தெருவில் போட்ட சீட்டு! எடுத்த பணத்தைக் கையில் வாங்கி வங்கியில் கட்டியிருக்கிறார். பதிவான சீட்டு நிறுவனமாக இருந்தால் பாஸ்புக், ரசீது என்று ஏதாவது காட்டலாம். இது எதிர்வீட்டு அக்கா நோட்டில் எழுதிவைத்தது. நல்லவேளை, பணம் இன்னும் அம்மா கணக்கைத் தாண்டவில்லை. அந்த இரண்டு லட்சத்தைத் தொடாமல், அம்மாவின் முதிராத ஒரு எஃப்.டி.யை உடைத்து அந்த ரசீதைக் காட்டினோம். வட்டி கொஞ்சம் போனது. சீட்டுப் பணத்தில் அம்மா வீட்டுக்கு வெள்ளையடித்தார். கொடுப்பவரின் ஸ்டேட்மென்ட்டைப் பணம் நகரும் முன்பே சொலிசிட்டரிடம் காட்டச் சொல்வது இதனால்தான்.

இந்தியாவிலிருந்து அனுப்ப, அங்கே வசிக்கும் ஒருவருக்கு நிதியாண்டுக்கு 2,50,000 டாலர் வரை அனுமதி உண்டு. பான் எண்ணும், வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப வங்கியில் நிரப்பும் ஏ2 படிவமும் வேண்டும். காரணம் என்ற இடத்தில் அன்பளிப்பு என்றே எழுதச் சொல்லுங்கள். தெரிந்தவர் மூலம் "அங்கே கொடுத்து இங்கே வாங்குவது" வேண்டவே வேண்டாம், கவரில் போட்ட அம்பு அங்கேயே அறுந்துவிடும். அம்மா கணக்கிலிருந்து நேராக என் கணக்கு, ஒரே தவணை. தம்பி தன் கணக்கு வழியாக அனுப்புகிறேன் என்றான், வேண்டாம் என்றுவிட்டேன். அவன் நடுவில் வந்தால் அவனுடைய ஸ்டேட்மென்ட்டும் கேட்பார்கள்.

கொடுப்பவர் பிரிட்டனில் இருப்பவர் என்றால் வாரிசு வரியின் ஏழு ஆண்டுக் கணக்கு ஒன்று உண்டு: கொடுத்து ஏழு ஆண்டுக்குள் அவர் இறந்தால் அந்த அன்பளிப்பு வாரிசு வரிக் கணக்கில் சேரலாம். அது டெபாசிட் ஆதாரத்தில் சேராது, ஆனால் கடித நகலைப் பத்திரப்படுத்துங்கள்.

கடைசியில் சொலிசிட்டருக்கு அனுப்பும்போது, ஸ்டேட்மென்ட் காட்டிய அதே கணக்கிலிருந்து அனுப்புங்கள். அவர்களின் கணக்கு எண் மின்னஞ்சலில் வந்தால் உடனே அனுப்பிவிடாமல், முதல் கடிதத்தில் இருந்த எண்ணுக்கு போன் செய்து ஒவ்வொரு இலக்கமாகப் படித்துச் சரிபாருங்கள். நான் முதலில் ஒரு பவுண்ட் அனுப்பி, வந்தது என்று சொன்ன பிறகுதான் மீதி 23,999ஐ அனுப்பினேன்.