குவிமாடத் திரைக்குப் படம் எடுப்பது எப்படி

கோளரங்கக் குவிமாடத்துக்குப் படம் எடுக்க முனைபவர் முதலில் மறக்க வேண்டியது, இத்தனை காலம் தாம் பழகிய செவ்வகச் சட்டத்தை. அண்மைக் காட்சியும், தோளுக்குப் பின்னிருந்து எடுக்கும் காட்சியும், சட்டென்று வெட்டி மாறும் படத்தொகுப்பும் அந்தச் சட்டத்தின் விளிம்பை நம்பிப் பிறந்தவை. குவிமாடத்திலோ விளிம்பு பார்வையாளரின் கண் எல்லைக்கு வெளியே போய்விடுகிறது. அங்கே உட்கார்ந்திருப்பவர் ஓரிடத்துக்குள் இருப்பதாகவே உணர்கிறார். கேமரா நகர்ந்தால் தாமே நகர்வதாக அவர் உடல் நம்பிவிடுகிறது. கீழே சொல்லப்போகும் விதிகளில் பெரும்பாலானவை இந்த ஒன்றிலிருந்தே கிளைப்பவை.

படத்தின் அடிப்படை வடிவத்துக்கு ‘டோம்மாஸ்டர்’ என்று பெயர். ஒரு சதுரப் படத்துக்குள் அடங்கிய வட்டம் அது. அந்த வட்டத்துக்குள் முழு அரைக்கோளமும் 180 பாகை மீன்கண் பார்வையாக, அதாவது சுற்றிலும் உள்ளதையெல்லாம் வளைத்து ஒரே வட்டத்துக்குள் காட்டும் பரந்த பார்வையாகப் பதிந்திருக்கும். வட்டத்தின் நடுப்புள்ளி தலைக்கு நேர் மேலேயுள்ள உச்சி, சுற்றுவிளிம்பு அடிவானம், வட்டத்தின் கீழ்ப்பகுதி பார்வையாளருக்கு முன்பக்கம், மேல்பகுதி அவருக்குப் பின்பக்கம். கால்களை முன்பக்கமாக நீட்டி மல்லாந்து படுத்து வானத்தைப் பார்ப்பதாக நினைத்துக்கொண்டால் இந்த அமைப்பு எளிதில் மனத்தில் பதியும். நடுவிலிருந்து உள்ள தூரம் உச்சியிலிருந்து விலகும் கோணத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்பதால் கணக்கும் எளிது: 4096 பிக்சல் சதுரத்தில் 90 பாகைக்கு 2048 பிக்சல், அதாவது ஒரு பாகைக்கு ஏறத்தாழ 23 பிக்சல்.

இந்தக் கணக்கைச் செய்துபார்க்காமல் எழுத்து வைப்பவர்கள்தாம் முதலில் அடிபடுகிறார்கள். அடிவானத்திலிருந்து 30 பாகை உயரத்தில் தலைப்பை வைக்க விரும்புகிறீர்கள் என்று கொள்வோம். அந்த உயரம் நடுப்புள்ளிக்குக் கீழே 1365 பிக்சலில் விழுகிறது. அங்கே நடுவிலிருந்து இருபுறமும் 800 பிக்சல் நீளும் ஒரு நேர்கோட்டில் எழுத்துகளை அடுக்கினால், கணினித் திரையில் அது ஒழுங்காகத்தான் தெரியும். ஆனால் கோட்டின் இரு முனைகளும் நடுப்புள்ளியிலிருந்து ஏறத்தாழ 1580 பிக்சல் தள்ளி இருப்பதால், குவிமாடத்தில் அவை 20 பாகை உயரத்துக்கு இறங்கிவிடும். தலைப்பு நடுவில் நிமிர்ந்து, இரு கோடிகளிலும் தொங்கிப்போய்க் காட்சியளிக்கும். அது நேராகத் தெரிய வேண்டுமானால், டோம்மாஸ்டரில் வட்டத்தோடு ஒத்த மையம் கொண்ட வில்லாக, புன்னகைக்கும் வாயைப்போல, எழுத்துகளை வளைத்து வைக்க வேண்டும். பொதுவாக எழுத்தையும் முக்கியச் செயலையும் முன்பக்கத்தில் 20 முதல் 45 பாகை வரையிலான பட்டையில் வைப்பது நல்லது. உச்சியில் எதையாவது வைத்தால் பார்வையாளர் கழுத்தை முறித்துக்கொள்வார்; பின்பக்கத்தில் வைத்தால் பாதிப் பேர் கவனிக்கவே மாட்டார்கள்.

அடுத்தது அசைவு. 20 மீட்டர் விட்டமுள்ள குவிமாடத்தில் ஒரு விண்கலம் இக்கோடியிலிருந்து அக்கோடிக்கு 180 பாகையை 6 விநாடிகளில் கடக்கிறது என்று வையுங்கள். நொடிக்கு 30 பிரேம் (தனித்தனிப் படம்) ஓடும் படத்தில் அது பிரேமுக்கு ஒரு பாகை நகரும். சுவரின் மேல் அளந்தால் அது ஏறத்தாழ 17 சென்டிமீட்டர். கண் அதை வழுக்கிச் செல்லும் அசைவாகக் காணாமல் தத்தித் தத்திச் செல்லும் பிம்பங்களாகவே காணும். ஆகவே வேகத்தைக் குறைக்க வேண்டும், அல்லது நொடிக்கு 60 பிரேமுக்குப் போக வேண்டும். 60-க்குப் போனால் ரெண்டரிங் சுமை, அதாவது ஒவ்வொரு பிரேமையும் கணினி வரைந்தெடுக்கும் வேலை, இரட்டிப்பாகும். கேமரா பக்கவாட்டில் சுழல்வதும், அடிவானம் சாய்வதும் வயிற்றைக் கலக்குபவை. முன்னோக்கி மெதுவாக மிதந்து செல்வது பெரும்பாலோருக்கு ஒத்துவருகிறது. காட்சிகளை நீண்டதாக வையுங்கள். இருபது விநாடிகூட இங்கே குறைவுதான், ஏனெனில் பார்வையாளர் தலையைத் திருப்பிச் சுற்றிலும் பார்க்கவே அவ்வளவு நேரம் எடுத்துக்கொள்வார். ஒரு காட்சியிலிருந்து இன்னொன்றுக்குப் போக, வெட்டுவதைவிட இருளுக்குள் கரைத்து மீண்டும் எழுப்புவதே பாதுகாப்பானது. பார்வையை ஒரு திசைக்குத் திருப்ப வேண்டுமானால், உருவம் தோன்றுவதற்குச் சற்று முன்பே அத்திசையிலிருந்து ஓசையை எழுப்புங்கள். தட்டைத் திரையில் சட்டம் செய்யும் வேலையை இங்கே காது செய்துகொடுக்கும்.

ஒளியில்தான் புதியவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். குவிமாடம் ஒரு கிண்ணம். ஒரு பக்கம் விழும் வெளிச்சம் எதிர்ப்பக்கத்தில் தெறித்து அங்கிருக்கும் கறுப்பை வெளுக்கச் செய்கிறது. இதைக் குறைப்பதற்காகத்தான் பல குவிமாடங்களுக்கு வெள்ளைக்குப் பதிலாகச் சாம்பல் நிறம் பூசுகிறார்கள். பனிமலையோ பகல் வானமோ பாதி வட்டத்தை நிறைத்தால், மீதிப் பாதியில் நீங்கள் பார்த்துப் பார்த்து இழைத்த நிழல்கள் எல்லாம் கரைந்துபோகும். பெரும்பகுதி இருளாகவும் ஒளி சிறு பரப்பிலும் இருக்கும் காட்சிகளே இங்கே மிளிரும். விண்மீன்களும் ஆழ்கடலும் குகையும் குவிமாடத்துக்கு இயல்பாகப் பொருந்துவதற்கு இதுவும் ஒரு காரணம் என்பேன்.

தயாரிப்புக்கு மூன்று வழிகள் உண்டு. முப்பரிமாண வரைகலையில் செய்வதானால், இலவசமாகக் கிடைக்கும் பிளெண்டர் என்ற மென்பொருளே போதும்: அதிலுள்ள சைக்கிள்ஸ் என்ற ரெண்டர் முறையைத் தேர்ந்து, கேமராவைப் பனோரமிக் வகைக்கு மாற்றி, அதில் சமதூர (மேலே சொன்ன நேர்விகித) மீன்கண் பார்வையை 180 பாகைக்கு வைத்து, படஅளவைச் சதுரமாக்கி, முன்னோக்கி நிற்கும் கேமராவை நேர் மேலே அண்ணாந்து பார்க்கத் திருப்பினால் டோம்மாஸ்டர் கிடைத்துவிடும். வானக் காட்சிகளுக்கு மட்டும் என்றால் ஸ்டெல்லேரியம் என்ற வானக்காட்சி மென்பொருளின் மீன்கண் பார்வையே தொடக்கத்துக்குப் போதுமானது.

நேரடிப் படப்பிடிப்பு கடினம். அதற்குக் காரணம் பிக்சல் கணக்கு. சாதாரண 4கே வீடியோவின் உயரம் 2160 பிக்சல்தான் என்பதால், அதற்குள் அடங்கும் மீன்கண் வட்டம் 4096 பிக்சல் வட்டத்தின் பரப்பில் கால்பங்கைச் சற்றே தாண்டும். 7680-க்கு 3840 பிக்சல் தரும் 360 பாகை கேமரா ஏறத்தாழ ஈடுகொடுக்கும். அதன் படத்தை எஃப்எஃப்எம்பெக் என்ற வீடியோ மாற்று மென்பொருளின் வி360 வடிகட்டியால் மீன்கண் வட்டமாக மாற்றிக்கொள்ளலாம். நேரச்சுருக்கப் (டைம்லாப்ஸ்) படங்களுக்கு 45 மெகாபிக்சல் முழுச்சட்டக் கேமராவில் 8 மில்லிமீட்டர் வட்ட மீன்கண் வில்லையைப் பூட்டினால் தேவைக்கு மேலேயே கிடைக்கும். ஆனால் அந்த வில்லை எதையும் விட்டுவைக்காது. நான் முதல்முறை இரவு முழுதும் முக்காலிக்குப் பக்கத்திலேயே நின்று எடுத்த படங்களில், வட்டத்தின் ஓரத்தில் என் தலை விடியும்வரை ஆடிக்கொண்டிருந்தது. வில்லையின் மட்டத்துக்குக் கீழே உட்கார்ந்துகொள்ளுங்கள், அல்லது அங்கிருந்து போய்விடுங்கள்.

எடுத்ததைச் சோதிக்க வி.ஆர். தலையணி மிகவும் உதவும். எழுத்தின் சாய்வு, அசைவின் வேகம், பார்வை போகும் திசை ஆகியவற்றை அதில் சரிபார்க்கலாம். எதிரொளிப்பால் வரும் வெளுப்பு மட்டும் அதில் தெரியாது என்பதால், படம் பாதி முடிந்த நிலையிலேனும் ஒருமுறை உண்மையான குவிமாடத்தில் ஓட்டிப் பார்ப்பதைத் தவிர்க்க முடியாது. அப்போது நடு இருக்கையில் மட்டும் உட்காராமல் ஓர இருக்கைகளிலும் உட்கார்ந்து பாருங்கள். சில அரங்குகளில் குவிமாடம் முன்பக்கமாகச் சாய்ந்திருக்கும். அங்கே முன்பக்க அடிவானம் பார்வையாளரின் கண்மட்டத்துக்கும் கீழே இறங்கிவிடும்.

ரெண்டரிங்குக்கு உட்காருமுன் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். நொடிக்கு 30 பிரேம் வீதம் 20 நிமிடப் படத்துக்கு 36,000 பிரேம்கள் தேவை. ஒரு பிரேமுக்கு 5 நிமிடம் பிடித்தால், ஒற்றைக் கணினி 125 நாள் இடைவிடாமல் ஓட வேண்டும். சுருக்கப்படாத 4096 பிக்சல் பிரேம் ஒன்று சுமார் 50 மெகாபைட் என்பதால், மொத்தம் 1.8 டெராபைட் இடம் வேண்டும். ஆகவே முழுப்படத்தையும் முதலில் 1024 பிக்சலில் ஓட்டி, அசைவு திருப்தியான பிறகே பெரிய அளவுக்குப் போக வேண்டும்.

அரங்குக்குக் கொடுக்கும்போது வீடியோ கோப்பாகக் கொடுப்பதைவிட, வரிசை எண்ணிட்ட பிஎன்ஜி அல்லது டிஃப் படங்களாகவும், 5.1 சுற்றொலியின் ஆறு தடங்களைத் தனித்தனி வேவ் கோப்புகளாகவும் கொடுப்பதே வழக்கம். பல புரொஜெக்டர்களுக்கு ஏற்ப வட்டத்தைத் துண்டாக்கும் வேலையை அரங்கின் மென்பொருளே செய்துகொள்ளும். எண் வரிசையில் ஒரு பிரேம் விடுபட்டாலும் அந்த வேலை பாதியில் நின்றுவிடக்கூடும் என்பதால், அனுப்புமுன் எண்ணிக்கையைச் சரிபாருங்கள். முன்பக்கம், பின்பக்கம், வலம், இடம் என்று நான்கு திசைகளிலும் எழுதிய ஒரு சோதனைப் பிரேமையும் தனிக் கோப்பாகச் சேர்த்தனுப்பினால், இடவலம் மாறியோ தலைகீழாகவோ படம் ஏறியிருப்பதை ஆட்கள் வந்து உட்காருவதற்கு முன்பே அரங்கத்தார் கண்டுபிடித்துவிடலாம்.