மதிய இடைவேளையில் மேடேறி ஓட: சான் பிரான்சிஸ்கோ குறிப்பு

அலுவலக வேலையாகச் சான் பிரான்சிஸ்கோ போனவர்களுக்கு மதியம் ஒரு மணி நேரம் கிடைத்தால், ஓட்டத்துக்கு 40 நிமிடம் மட்டும் ஒதுக்குங்கள். பத்தரை மணிக்கே ஒரு வாழைப்பழம். சாப்பாடு ஓடி முடித்த பிறகு.

வளைகுடாக் கரையிலுள்ள ஃபெர்ரி கட்டடத்திலிருந்து, கரையோரமாகப் போகும் எம்பார்கடேரோ சாலையில் வடக்கே ஓடுங்கள். ஒரு கிலோமீட்டருக்கு மேல் சமதளம், உடம்பு சூடாக அது போதும். லீவைஸ் பிளாசா பக்கம் இடப்புறம் திரும்பினால் ஃபில்பர்ட் படிகள். 1933-இல் கட்டிய காய்ட் கோபுரம் வரை ஏறத்தாழ 400 படிகள். இங்கே வேகத்தைப் பார்க்காதீர்கள், மூச்சைப் பாருங்கள்: நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேச வரவில்லையா, நடங்கள். தொடக்கத்திலேயே தாவி ஏறினால் பாதியில் கால் ஓய்ந்துவிடும்.

இறக்கம்தான் தொடையைப் பதம் பார்க்கும். மேற்கே வாஷிங்டன் சதுக்கத்துக்கு இறங்கும்போது பின்னால் சாயாதீர்கள். குதிகால் ஊன்றி, அதிர்ச்சி முழங்காலுக்குப் போகும். அடியைக் குறுக்கி, விரைவாக எடுத்து வையுங்கள். அங்கிருந்து கொலம்பஸ் அவென்யூ தென்கிழக்காக நகர மையத்துக்கே கொண்டுவந்து விடும். தவறி மேசன், பவல் தெருக்களில் நுழைந்தால் கேபிள் கார் (தரைக்கடியில் ஓடும் கம்பிவடம் இழுக்கும் டிராம்) தண்டவாளத்தைக் குறுக்கே நேராகத் தாண்டுங்கள்; ஈரமானால் வழுக்கும்.

வழி புரியவில்லையென்றால் கிழக்கே இறங்கி வளைகுடாக் கரைக்கு வந்துவிடுங்கள். ஃபெர்ரி கட்டடத்துக்கு வடக்கேயுள்ள படகுத்துறைகளுக்கு ஒற்றைப்படை எண், தெற்கே இரட்டைப்படை. எந்தப் பக்கம் இருந்தாலும் எண் குறையும் திசையில் ஓடுங்கள், ஃபெர்ரி கட்டடம் வந்துவிடும்.